ஆட்கள் குறைகிறார்கள், குடும்பங்கள் கூடுகின்றன

2001-க்கும் 2011-க்கும் இடையில் தமிழ்நாட்டின் மக்கள்தொகை 15.6 சதவீதம் கூடியது. அப்போதிருந்த 32 மாவட்டங்களில் ஒன்றே ஒன்றில் மட்டும் ஆட்கள் குறைந்திருந்தார்கள். அது நீலகிரி. 2001-இல் அங்கே 7,62,141 பேர். 2011-இல் 7,35,394 பேர். மூன்றரை சதவீதச் சரிவு.

உள்ளாட்சி அமைப்புகளுக்கு வீட்டுவசதி, குடிநீர், கழிவுநீர்த் திட்டங்கள் தயாரிப்பது என் வேலை. இப்படி ஆள் எண்ணிக்கை இறங்கிய ஊர்களைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் கூட்டத்தில் யாராவது ஒருவர் கேட்பார்: "ஆளே குறையுது, அப்புறம் எதுக்கு சார் புது வீடு, புதுக் குழாய்?" நியாயமான கேள்விபோலத்தான் தெரியும். ஆனால் இந்தக் கேள்வியை அப்படியே ஏற்றுக்கொண்டு போடப்படும் திட்டங்களால் ஊர்கள் பல ஆண்டுகள் சிரமப்படுகின்றன. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

வீடு தேவைப்படுவது தலைக்கு ஒன்று அல்ல, குடும்பத்துக்கு ஒன்று. கணக்கெடுப்பில் குடும்பம் என்றால் ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிடுகிறவர்கள். அந்தக் குடும்பங்கள் சிறுத்துக்கொண்டே வருகின்றன. தமிழ்நாட்டில் 2001-இல் சுமார் 1.42 கோடி குடும்பங்கள் இருந்தன, 2011-இல் 1.85 கோடி. ஆட்கள் 15.6 சதவீதம் கூடிய அதே பத்தாண்டில் குடும்பங்கள் ஏறக்குறைய 30 சதவீதம் கூடிவிட்டன. கேரளத்தில் இந்த இடைவெளி இன்னும் பெரிது. ஆட்கள் 4.9 சதவீதம்தான் கூடினார்கள், குடும்பங்களோ 17 சதவீதம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஓர் ஊரில் 1000 பேர், குடும்பத்துக்குச் சராசரியாக 4.5 பேர் என்றால் 222 குடும்பங்கள். பத்தாண்டு கழித்து 900 பேர், சராசரி 3.5 என்றால் 257 குடும்பங்கள். நூறு பேர் போய்விட்டார்கள், ஆனால் 35 அடுப்புகள் கூடியிருக்கின்றன. ஒவ்வொரு அடுப்புக்கும் ஒரு குழாய் இணைப்பு, ஒரு கழிப்பறை, ஒரு மின் மீட்டர் வேண்டும். எத்தனை லிட்டர் தண்ணீர் என்பதை ஆள் கணக்கில் போடலாம். எத்தனை இணைப்பு, எவ்வளவு நீளக் குழாய் என்பதை ஆள் கணக்கில் போட முடியாது. நீலகிரியில் 2011-இல் சுமார் 1.97 லட்சம் குடும்பங்கள், சராசரி 3.7 பேர். மாநிலச் சராசரியான 3.9-ஐவிடக் குறைவு.

நீலகிரி ஏன் குறைந்தது என்று பார்த்தால்தான் அங்கே வீடுகளுக்கு என்ன ஆனது என்பது விளங்கும். 1971-க்கும் 1981-க்கும் இடையில் அந்த மாவட்டம் 27 சதவீதத்துக்கும் மேல் வளர்ந்தது. 1964-இல் கையெழுத்தான சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கை மலையகத்திலிருந்து வந்த தமிழ்க் குடும்பங்களில் ஏராளமானோர் அங்கே குடியமர்த்தப்பட்டதும், அவர்களுக்காக அரசுத் தேயிலைத் தோட்டங்கள் போடப்பட்டதும் அதற்கு முக்கியக் காரணங்கள். பிறகு காற்று திசை மாறியது. 1990-களின் கடைசியிலிருந்து பச்சைத் தேயிலை விலை சரிந்து, சிறு விவசாயிகளின் கையில் காசு நிற்காமல் போனது. ஊட்டி இந்து நகரில் ஆயிரக்கணக்கானவர்களுக்கு வேலை கொடுத்த ஃபிலிம் தொழிற்சாலை நலிந்தது. பிறப்பு விகிதமும் இறங்கியது. படித்த பிள்ளைகள் கோவைக்கும் பெங்களூருக்கும், தோட்டத் தொழிலாளர்களின் பிள்ளைகள் திருப்பூருக்கும் இறங்கினார்கள்.

2011-இல் நீலகிரியில் 1000 ஆண்களுக்கு 1042 பெண்கள். முந்தைய கணக்கெடுப்பில் இது 1014. பத்தாண்டில் இத்தனை மாற்றம் என்றால் பெரும்பாலும் ஆண்கள் வேலை தேடி வெளியே போயிருக்கிறார்கள் என்று பொருள். ஆக, குறைந்தது ஆள் எண்ணிக்கை மட்டுமல்ல. நாலு பேர் இருந்த வீட்டில் அம்மா மட்டும், அல்லது தாத்தா பாட்டி மட்டும் என்று ஆகிவிட்டது. வீடு அதேதான். கூரை ஒழுகினால் ஏறிப் பார்க்க ஆள் இல்லை. இந்த வீட்டைக் கணக்கெடுப்பு அட்டவணை 'குடியிருக்கும் வீடு' என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடும்.

இப்போது காலி வீடுகளுக்கு வருவோம். இந்தியா முழுவதும் 2001-இல் காலி என்று பதிவான வீடுகள் சுமார் 1.58 கோடி, 2011-இல் சுமார் 2.47 கோடி. கேரளத்தில் மட்டும் 11 லட்சத்துக்கும் மேல். இந்த எண்களைக் காட்டி, "காலி வீடுகளைக் கொடுத்தாலே போதும், வீடில்லாதவர்கள் எல்லாரும் குடியேறிவிடலாம்" என்று சொல்கிறவர்கள் உண்டு. அந்த ஆதங்கம் எனக்கும் புரிகிறது. ஆனால் காலி வீடு என்பது ஒரே வகைப் பொருள் அல்ல. மலைப் பகுதியையே எடுத்துக்கொள்ளுங்கள்.

தேயிலைத் தோட்டத்து லைன் வீடு, அதாவது தொழிலாளர்களுக்காக வரிசையாகக் கட்டிய வீடு, தொழிலாளியின் சொத்து அல்ல, தோட்டத்தின் சொத்து. வேலை இருக்கும்வரைதான் குடியிருப்பு. ஓய்வு பெற்றால் வீட்டைக் காலி செய்ய வேண்டும். நாற்பது ஆண்டு கொழுந்து பறித்தவர் போவதற்கு இடமில்லாமல் நிற்பார். அதே வரிசையில் நாலு வீடு தகரம் பெயர்ந்து கிடக்கும். கணக்கில் காலி வீடு இருக்கிறது, வீடில்லாதவரும் இருக்கிறார். இரண்டையும் சேர்க்க வழியில்லை. சில தோட்டங்களில் அந்த வரிசைகளுக்கு ஜார்கண்ட், அசாம் போன்ற மாநிலங்களிலிருந்து வந்த தொழிலாளர்கள் குடிவந்திருக்கிறார்கள். பழைய ஆட்கள் போய்ப் புதிய ஆட்கள் வந்திருப்பதை மொத்த எண்ணிக்கை காட்டாது.

நீலகிரியின் படகர் சமூகத்தார் வாழும் ஊர்களான ஹட்டிகளில் கதை வேறு. பழைய ஓட்டு வீடு இடிந்து கான்கிரீட் மாடியாகியிருக்கும். மாடி மகனுக்கு. மகன் சமவெளியில் இருப்பார். ஹெத்தை ஹப்பா திருவிழாவுக்கு வந்து கதவைத் திறப்பார், பத்து நாளில் பூட்டிவிட்டுப் போவார். அந்த வீட்டை யாருக்கும் வாடகைக்கு விடப்போவதில்லை. அதை வீடற்றவருக்கான வீடாக எண்ணுவது தவறு, அதே நேரத்தில் அதற்கும் தண்ணீர் இணைப்பும் கழிவுநீர்த் தொட்டியும் இருக்கிறது என்பதை மறப்பதும் தவறு. மூன்றாவது வகை, வெளியூர்க்காரர்கள் கட்டிய காட்டேஜ்கள். சீசனில் நிரம்பும், மழைக்காலத்தில் பூட்டு.

இன்னொரு பக்கம் கூடலூர், பந்தலூர். ஜன்மம் என்ற பழைய நிலவுடைமை முறையை ஒழிக்க வந்த 1969-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பிரிவு 17-இல் வரும் நிலங்களில் தலைமுறையாகக் குடியிருப்பவர்களுக்குப் பட்டா இல்லை. மின் இணைப்பு வாங்கப் பல ஆண்டுகளாகப் போராட வேண்டியிருக்கிறது. ஒரே மாவட்டத்தில் குன்னூர்ப் பக்கம் பூட்டிய மாடிகள், கூடலூர்ப் பக்கம் உரிமையில்லாத குடிசைகள். மாவட்டச் சராசரி இரண்டையும் கலந்து, எல்லாம் சுமாராக இருப்பதாகச் சொல்லும். அதனால் மாவட்ட அட்டவணையோடு நிறுத்தாதீர்கள்; ஊராட்சி, வார்டு அளவு அட்டவணைவரை இறங்கிப் பாருங்கள் என்று ஒவ்வொரு ஊராட்சிச் செயலரிடமும் சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

நீலகிரி தனிக்கதை அல்ல. 2011-இல் கேரளத்தின் பத்தனம்திட்டா 12,34,016-லிருந்து 11,97,412-ஆக இறங்கியது, இடுக்கியும் இறங்கியது. இந்தப் பாதையில் நமக்கு வெகுதூரம் முன்னால் போய்விட்ட நாடு ஜப்பான். அங்கே 2010-இல் சுமார் 12.81 கோடி பேர், 2020-இல் 12.61 கோடி பேர். 2015-க்கும் 2020-க்கும் இடையில் மட்டும் குடும்பங்கள் சுமார் 5.34 கோடியிலிருந்து 5.58 கோடியாகக் கூடின, ஏனென்றால் நூற்றுக்கு 38 குடும்பங்களில் ஒரே ஒரு ஆள்தான். 2023 வீட்டுவசதி ஆய்வில் காலி வீடுகள் 90 லட்சம். மொத்த வீடுகளில் 13.8 சதவீதம். பிரச்சினையை வளர்த்ததில் வரிச் சட்டத்துக்கும் பங்கு உண்டு. வீடு நிற்கும் மனைக்கு நிலவரியில் பெரிய சலுகை இருந்ததால், இடிந்துவிழும் வீட்டைக்கூட யாரும் இடிக்கவில்லை. 2015-இல் நடைமுறைக்கு வந்த தனிச் சட்டம்தான் ஆபத்தான காலி வீடுகளுக்கு அந்தச் சலுகையை நிறுத்த உள்ளாட்சிகளுக்கு வழிவிட்டது. காலி வீட்டுக்கு வரிச் சலுகை தரலாமா என்று பேசும் நம் உள்ளாட்சிகள் இதை ஒருமுறை படித்துவிட்டுப் பேசினால் நல்லது.

இரண்டு கணக்கெடுப்புகளை ஒப்பிடும்போது ஏமாறாமல் இருக்க வேண்டிய இடங்களும் உண்டு. பெரியது எது என்றால், பெயர்ப்பலகை மாற்றம். 2001-க்கும் 2011-க்கும் இடையில் கேரளத்தின் கிராமப்புற மக்கள்தொகை ஏறக்குறைய 26 சதவீதம் குறைந்தது. கிராமத்தை விட்டு நாலில் ஒருவர் ஓடிவிட்டார் என்று நினைக்கத் தோன்றும். நடந்தது அதுவல்ல. 5,000 பேருக்கு மேல், ஆண் தொழிலாளர்களில் முக்கால் பங்கு விவசாயத்துக்கு வெளியே, சதுர கிலோமீட்டருக்கு 400 பேர் என்ற மூன்று அளவுகோலையும் தாண்டிய கிராமங்கள் 'கணக்கெடுப்பு நகரம்' என்று எழுதப்பட்டன. அங்கே அவை 99-லிருந்து 461 ஆயின. தமிழ்நாட்டிலும் 111-லிருந்து 376. ஆட்கள் இருந்த இடத்திலேயே இருந்தார்கள். அதேபோல வட்டம் பிரிந்திருந்தால், ஊராட்சி பேரூராட்சியோடு சேர்ந்திருந்தால், எல்லையைச் சரிசெய்யாமல் போடும் சதவீதத்தை நம்பவே கூடாது.

காலமும் முக்கியம். வீடுகளைப் பட்டியலிடுவது ஒரு பருவத்தில், ஆட்களை எண்ணுவது இன்னொரு பருவத்தில். 2011 கணக்கெடுப்புக்கு வீட்டுப் பட்டியல் 2010-லேயே எடுக்கப்பட்டது, ஆட்களை எண்ணியது 2011 பிப்ரவரியில். மலையில் இந்த இடைவெளிக்குள் ஒரு சீசனே முடிந்திருக்கும்.

சரி, இப்போது நம் கையில் இருப்பதைப் பார்ப்போம். 2021-இல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு கொரோனாவால் தள்ளிப்போய், அடுத்ததற்கு 2027 மார்ச் 1 அடிப்படை நாளாகக் குறிக்கப்பட்டிருக்கிறது. அதற்கு முந்தைய கட்டமான வீட்டுப் பட்டியல் பணிக்கு 2026 ஏப்ரல் முதல் செப்டம்பர் வரையிலான காலம். ஒவ்வொரு மாநிலத்துக்கும் அதில் 30 நாள். 16 ஆண்டு இடைவெளிக்குப் பின் வரும் இந்தப் பட்டியலில் தவறாகச் சொல்லப்படும் ஒவ்வொரு பதிலும் அடுத்த கணக்கெடுப்புவரை நிற்கும்.

வீட்டில் கீழே பெற்றோர் தனியாகவும் மாடியில் மகன் குடும்பம் தனியாகவும் சமைத்தால், இரண்டு குடும்பம் என்றே சொல்லுங்கள். ரேஷன் கார்டு ஒன்றா இரண்டா என்பது இங்கே பொருட்டல்ல. திருப்பூரிலோ பெங்களூரிலோ தங்கி வேலை பார்க்கும் பிள்ளையை, ஆட்களை எண்ணும்போது பாசத்தில் ஊர்க் கணக்கில் சேர்க்காதீர்கள். அவரை அங்கே எண்ணுவார்கள், இங்கேயும் சேர்த்தால் ஓர் ஆள் இரண்டு முறை வருவார். பக்கத்து வீடு பூட்டியிருந்து, எண்ண வருபவர் உங்களிடம் விசாரித்தால், குடியிருப்பவர் வெளியே போயிருக்கிறாரா, இல்லை யாருமே குடியில்லையா என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள். முதலாவது 'பூட்டிய வீடு', இரண்டாவது 'காலி வீடு'. இந்த ஒரு பதில் ஊரின் காலி வீட்டு எண்ணிக்கையையே மாற்றிவிடும்.

காலி என்று சொன்னால் வரி ஏறும், வீட்டைப் பிடுங்கிக்கொள்வார்கள் என்ற பயம் பலருக்கு இருக்கிறது. 1948-ஆம் ஆண்டு கணக்கெடுப்புச் சட்டத்தின் 15-ஆம் பிரிவு, தனிநபர் கொடுத்த விவரங்களை யாரும் பார்வையிடுவதைத் தடுக்கிறது. வரித்துறைக்கும் அது போகாது. பயமில்லாமல் உள்ளதைச் சொல்லலாம்.

ஊராட்சித் தலைவர்களுக்கும் செயலர்களுக்கும் ஒரு வேண்டுகோள். கணக்கெடுப்பு அட்டவணை வெளிவரும்வரை காத்திருக்காமல், சொத்து வரிப் பதிவேட்டை எடுத்துக்கொண்டு ஒரு தெரு நடந்து பாருங்கள். ஸ்பெயின் 2021-இல் காலி வீடுகளைக் கண்டுபிடிக்க மின்சாரப் பயன்பாட்டைத்தான் பார்த்தது. நீங்களும் அப்படிப் பார்க்கலாம், ஆனால் நம் ஊரில் குறிப்பிட்ட யூனிட் வரை மின்சாரம் இலவசம் என்பதால் பில் தொகையை நம்பக் கூடாது; தனியாக வாழும் பாட்டியின் பில்லும் பூஜ்யமாகத்தான் இருக்கும். மீட்டரில் ஓடிய யூனிட்டைப் பாருங்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் எதிரில் யார் இருக்கிறார், எத்தனை பேர், 60 வயதைத் தாண்டியவர் மட்டும்தானா, பூட்டியிருந்தால் எப்போதிலிருந்து, உரிமையாளர் எந்த ஊரில் என்று எழுதுங்கள். அடுத்த கிராம சபையில் குடிநீர்த் திட்டம் பேச்சுக்கு வரும்போது அந்த நோட்டுப் புத்தகம் மேசைமேல் இருக்கட்டும்.