கொடை முடிந்தால் நேயர் குறைவது ஏன்?

ஆடிக் கொடை என்ற கோயில் திருவிழா முடிந்து ஒரு மாதம் போனதும், ஸ்பாட்டிஃபை என்ற பாட்டுச் செயலியில் பாட்டு ஏற்றியிருக்கும் நெல்லைப் பக்கத்து வில்லிசைக் குழுக்களின் ‘மாதாந்திர நேயர்’ எண்ணிக்கை மளமளவென்று இறங்கக்கூடும். பாட்டு பிடிக்காமல் போய்விட்டதோ என்று அதற்குள் மனம் ஒடிய வேண்டாம்.

கடந்த 28 நாளில் ஒரு தடவையாவது கேட்டவர்களின் தலைக்கணக்கு அது. ஒருவரே நூறு தடவை கேட்டாலும் ஒரு தலைதான். தினமும் புதுநாள் ஒன்று சேர, பழைய நாள் ஒன்று கழியும். கொடை வாரத்தில் மட்டும் கேட்டவர்கள் நாலு வாரம் கழித்து மொத்தமாக உதிர்வார்கள். 28 நாளில் எல்லாக் கிழமையும் சரியாக நாலு முறை வரும். செவ்வாய், வெள்ளியில் கூடுதலாக ஓடும் சாமிப் பாட்டுக்கு இது நியாயமான கணக்கு.

ஸ்ட்ரீம் என்பது வேறு. 30 விநாடி ஓடினால் ஒன்று. வில்லுப்பாட்டுக்கு இடி விழுவது இங்கேதான். சுடலைமாடன் கதையை ஒரு மணி நேர டிராக்காக ஏற்றினால், கடைசி வரை கேட்டவரும் காப்புப் பாட்டோடு எழுந்து போனவரும் ஒரே ஸ்ட்ரீம். கயிலாயத்தில் பிறப்பு, வரம் வாங்குவது, பூலோகம் வருவது என்று, குடத்தடி ஓயும் இடங்களில் பிரித்து ஏற்றினால் எங்கே ஆள் குறைகிறது என்பது தெரிந்துவிடும். அதற்காகத் துண்டு துண்டாக நறுக்கவும் கூடாது. 2024 முதல், முந்தைய 12 மாதத்தில் 1,000 ஸ்ட்ரீமைத் தொடாத டிராக்குக்கு ஸ்பாட்டிஃபை ஒலிப்பதிவு ராயல்டி தருவதில்லை. ஒவ்வொரு துண்டும் தனியாக அந்த எல்லையைத் தாண்ட வேண்டும்.

நான் முதலில் பார்ப்பது ஸ்ட்ரீமை நேயரால் வகுத்து வரும் எண்ணை. ஒரு குழுவுக்கு 600 பேர், 3,000 ஸ்ட்ரீம் என்று வைத்துக்கொள்வோம்: ஆளுக்கு 5. இன்னொன்றுக்கு 3,000 பேர், 3,300 ஸ்ட்ரீம்: ஆளுக்கு ஒன்று சொச்சம், ஏதோ பிளேலிஸ்டில் வந்து காதில் விழுந்திருக்கும், அவ்வளவுதான். முதல் குழுவுக்கே உண்மையான ரசிகர்கள் இருக்கிறார்கள். தங்கள் லைப்ரரியில் சேமித்துக்கொண்டவர்களின் எண்ணிக்கையும் இதையே உறுதி செய்யும்.

கணக்கில் ஏறாமல் கேட்பதும் நம் பக்கம் நிறைய உண்டு. டவுன்லோடு செய்து பஸ்ஸில் கேட்டது, போனில் நெட் வந்ததும் கணக்கில் சேர்ந்துவிடும். ஆனால் மைக் செட்காரர் தன் போனிலிருந்து பாட்டைப் போட்டு, உயரக் கட்டிய குழாயில் மூன்று தெரு கேட்டால்? ஸ்ட்ரீம் ஒன்று, நேயர் ஒருவர். ஆகவே நேயர்கள் எந்த ஊரில் என்று காட்டும் நகரப் பட்டியலில் நம் நெல்லைப் பக்கத்துத் திசையன்விளையைக் காணோம், மும்பை மேலே நிற்கிறது என்றால் ஊரில் ஆளில்லை என்று முடிவு கட்டாதீர்கள். மும்பையில் ஹெட்போன் மாட்டிக் கேட்கும் நம்மூர்க்காரர் ஒவ்வொருவரும் தனி நேயர். திசையன்விளையில் கோயில் திடலே சேர்ந்து ஒரு நேயர்.