மதுவின் தீங்கு: எச்சரிக்கைப் படங்கள் சொல்லாமல் விடுபவை

மதுவுக்கு எதிரான விழிப்புணர்வுச் சுவரொட்டிகளில் பெரும்பாலும் ஒரே வகைப் படம்தான் இருக்கும்: சுருங்கிப்போன கல்லீரல், அல்லது எலும்பும் தோலுமாகத் தெருவோரத்தில் கிடக்கும் ஒரு மனிதர். குடிநோய் சிகிச்சைப் பிரிவில் நெடுங்காலமாகப் பணியாற்றும் மருத்துவர் என்ற முறையில், அந்தப் படத்தைப் பார்த்தவர்கள் என்ன நினைத்தார்கள் என்பதை அவர்கள் வாயாலேயே கேட்டிருக்கிறேன். "நான் அந்த அளவுக்குப் போகவில்லையே, டாக்டர்" என்பதே பலரும் சொல்வது. வேலைக்குத் தவறாமல் போகிறார், சம்பளத்தை வீட்டில் கொடுக்கிறார், யாரிடமும் வம்புக்குப் போவதில்லை. ஆகவே அந்த எச்சரிக்கை வேறு யாருக்கோ என்று முடிவு செய்துவிடுகிறார். அச்சமூட்டுவதற்காக வரையப்பட்ட படமே அவருக்கு ஆறுதலாகிவிடுகிறது. தீங்கு தொடங்கிய காலத்துக்கும் அவர் முதன்முறையாக மருத்துவர் எதிரில் வந்து உட்காரும் நாளுக்கும் இடையே பல ஆண்டுகள் ஓடிவிடுகின்றன. அந்த இடைவெளியைக் குறைப்பதே விழிப்புணர்வுப் பணியின் முதல் வேலை என்பதும், குறைந்ததா இல்லையா என்பதை ஆய்வின் மூலம் அளந்து பார்க்க வேண்டும் என்பதும் என் உறுதியான கருத்து.

உலக சுகாதார நிறுவனம் 2024இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2019ஆம் ஆண்டில் மட்டும் சுமார் 26 லட்சம் இறப்புகளுக்கு மது காரணமாக இருந்தது. அந்த ஆண்டின் மொத்த இறப்புகளில் இது 4.7 விழுக்காடு. இறந்தவர்களில் ஏறத்தாழ 20 லட்சம் பேர் ஆண்கள். கல்லீரல் நோயை மட்டுமே மனத்தில் வைத்திருப்பவர்களுக்கு இந்த எண்ணின் உட்பிரிவுகள் வியப்பளிக்கும். இவற்றில் 7 லட்சத்துக்கும் மேற்பட்டவை சாலை விபத்து, வன்முறை, தற்கொலை போன்றவற்றில் நேர்ந்த காயங்களால் ஏற்பட்டவை. சுமார் 4 லட்சம் புற்றுநோயால் நிகழ்ந்தவை. விபத்தில் கால் முறிந்து வரும் இளைஞர் குடிநோயாளியாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. அன்று ஒரு இரவு அளவு மீறிக் குடித்துவிட்டு வண்டியை எடுத்தவராக இருந்தாலே போதும். புற்றுநோயைப் பொறுத்தவரை, பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1988லேயே மதுபானங்களை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் சேர்த்துவிட்டது. வாய், தொண்டை, குரல்வளை, உணவுக்குழாய், கல்லீரல், பெருங்குடல் ஆகிய இடங்களிலும் பெண்களின் மார்பகத்திலும் தோன்றும் புற்றுநோய்களுக்கும் மதுவுக்கும் உள்ள தொடர்பு உறுதியானது. உடலுக்குள் செல்லும் மது அசிட்டால்டிஹைடு என்னும் பொருளாக மாறி, செல்களின் மரபணுப் பொருளைச் சேதப்படுத்துகிறது. விலை உயர்ந்த மதுவாக இருந்தாலும் மலிவானதாக இருந்தாலும் இந்த மாற்றம் ஒன்றேதான். இதை முன்பே அறிந்து வரும் நோயாளிகளை நான் மிக அரிதாகவே பார்க்கிறேன்.

"எவ்வளவு குடிப்பீர்கள்?" என்று கேட்டால் கிடைக்கும் பதில் "கொஞ்சம்தான்" என்பது. அவர் பொய் சொல்வதாக நான் எடுத்துக்கொள்வதில்லை. அளந்து பார்க்கும் வாய்ப்பு அவருக்கு வந்ததே இல்லை. ஆகவே என் மேசையில் ஒரு கூஜா தண்ணீரும் சில வெற்று டம்ளர்களும் இருக்கும். வழக்கமாக ஊற்றிக்கொள்ளும் அளவுக்குத் தண்ணீரை ஊற்றிக் காட்டும்படி கேட்பேன். அதை அளவுக் குடுவைக்கு மாற்றி, கோட்டில் எந்த எண் வரை நிற்கிறது என்பதை அவரையே படிக்கச் சொல்வேன். நூற்றுக்கு 40 பங்கு ஆல்கஹால் உள்ள மதுவில் 100 மி.லி. என்றால், அதில் ஏறத்தாழ 32 கிராம் தூய ஆல்கஹால் இருக்கிறது. 5 விழுக்காட்டு பீரில் 500 மி.லி. குடித்தால் சுமார் 20 கிராம். பல நாடுகளின் மருத்துவ வழிகாட்டுதல்கள் 10 கிராமை ஓர் அலகாகக் கணக்கிடுகின்றன. "பீர்தானே, டாக்டர்" என்று தொடங்கியவர், வாரத்தில் எத்தனை நாள், ஒரு நாளில் எத்தனை முறை என்று தானே விரல்விட்டுப் பெருக்கிப் பார்த்துவிட்டு, "இவ்வளவா?" என்று கேட்பார். அதற்கு மேல் அறிவுரையாக நான் அதிகம் சொல்ல வேண்டியிருப்பதில்லை. விழிப்புணர்வுக் கூட்டங்களிலும் இதைச் செய்யலாம்; ஒரு மணி நேரச் சொற்பொழிவைவிட இது ஆழமாகப் பதிகிறது.

இதன் அடுத்த படி, உலக சுகாதார நிறுவனம் பல நாடுகளில் சோதித்து உருவாக்கிய 'ஆடிட்' என்னும் பத்துக் கேள்விப் படிவம். எவ்வளவு அடிக்கடி குடிக்கிறீர்கள், தொடங்கினால் நிறுத்த முடியாமல் போனதுண்டா, முந்தைய இரவு நடந்தது நினைவில்லாமல் போனதுண்டா என்பன போன்ற கேள்விகள் அவை. மொத்தம் 40 மதிப்பெண்களில் 8 அல்லது அதற்கு மேல் வந்தால் குடிக்கும் முறையில் ஆபத்து இருக்கிறது என்று பொருள். 20ஐ எட்டினால் மதுச் சார்பு, அதாவது மதுவில்லாமல் இருக்க முடியாத நிலை, உண்டாகியிருக்கிறதா என்று விரிவாகப் பரிசோதிக்க வேண்டும். நடுவில் இருப்பவர்களுக்குப் பல நேரங்களில் மருத்துவமனைப் படுக்கை தேவையில்லை; ஐந்து முதல் பதினைந்து நிமிடம் வரையிலான, குற்றம் சாட்டாத ஓர் உரையாடலே பயன் தரும். இத்தகைய குறுகிய ஆலோசனை குறித்த 69 ஆய்வுகளை ஒன்றுதிரட்டி 2018இல் வெளியான, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் மதிப்பாய்வு, ஆலோசனை பெற்றவர்கள் ஓராண்டுக்குப் பிறகு, பெறாதவர்களைவிட வாரத்துக்குச் சராசரியாக 20 கிராம் ஆல்கஹால் குறைவாக அருந்தினார்கள் என்று கண்டது. தனி ஒருவருக்கு இது சிறிய குறைவாகத் தோன்றலாம். சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மருத்துவரைப் பார்க்க வரும் எல்லோரிடமும் இதே கேள்விகள் கேட்கப்பட்டால், மொத்த மக்கள்தொகையில் அது பெரிய குறைவு.

இனிச் சொல்லப்போவது உயிர் தொடர்பானது என்பதால் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். "இன்றே விடுங்கள்" என்னும் முழக்கம் ஏறக்குறைய எல்லாப் பிரசாரங்களிலும் இடம்பெறுகிறது. எப்போதாவது குடிப்பவருக்கு அது சரியான அறிவுரை. ஆனால் பல ஆண்டுகளாகத் தினமும் அதிக அளவில் குடித்து, காலையில் எழுந்ததும் கைநடுக்கத்தைப் போக்கவே ஒரு மடக்கு தேவைப்படும் நிலையில் இருப்பவர், மருத்துவ மேற்பார்வை இல்லாமல் ஒரே நாளில் நிறுத்தினால் அது உயிருக்கே ஆபத்தாகலாம். நல்லெண்ணத்தோடு வீட்டார் புட்டிகளையெல்லாம் கொட்டிவிட்டு, அவரை அறைக்குள் வைத்துக் கதவைப் பூட்டிவிடுகிறார்கள். கடைசியாகக் குடித்து 6 முதல் 24 மணி நேரத்துக்குள் வியர்வையும் படபடப்பும் நடுக்கமும் தூக்கமின்மையும் தொடங்குகின்றன. முதல் இரண்டு நாள்களுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம், மூன்றாம் நாளில் சிலருக்குச் சித்தம் கலங்கி, இடமும் நேரமும் தெரியாமல், இல்லாத பூச்சிகளைப் படுக்கையிலிருந்து தட்டிவிடத் தொடங்குகிறார்கள். காய்ச்சலும் இரத்த அழுத்தமும் ஏறுகின்றன. பேய் பிடித்துவிட்டது என்றோ நடிக்கிறார் என்றோ நினைத்துக் காத்திருந்த குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். உரிய மருந்துகளை உரிய அளவில் கொடுத்துப் படிப்படியாகக் குறைத்தால் இந்த நிலையைப் பெரும்பாலும் தடுக்க முடியும். நீண்ட காலம் குடித்தவர்களுக்கு வைட்டமின் பி1 எனப்படும் தயமின் மிகவும் குறைந்திருக்கும். அதை ஊசி மூலம் ஈடுசெய்யாவிட்டால் நடை தள்ளாடி, கண்ணசைவு பாதிக்கப்பட்டு, நினைவாற்றல் நிரந்தரமாகவே போய்விடும் வாய்ப்பு உண்டு. ஒரு சாதாரண வைட்டமின் கிடைக்காததால் நாற்பது வயதில் தன் பிள்ளையின் வகுப்பை மறந்துபோன ஒருவரின் எதிரில் உட்கார்ந்திருப்பது தாங்கக்கூடிய அனுபவம் அல்ல.

இன்னொரு ஆபத்து, குடிப்பவருக்குத் தெரியாமல் உணவில் மருந்தைக் கலந்துகொடுப்பது. டைசல்ஃபிராம் என்னும் மருந்தை உட்கொண்டவர் மது அருந்தினால், முகம் சிவந்து, வாந்தி எடுத்து, நெஞ்சு படபடத்து, இரத்த அழுத்தம் சரிந்துவிடும். இதய நோய் உள்ளவருக்கு இது உயிரைப் பறிக்கலாம். விளைவு இன்னதென்று அறிந்து, சம்மதித்து, கண்காணிப்போடு எடுத்துக்கொள்பவருக்கு மட்டுமே அந்த மருந்து உரியது. வேட்கையைத் தணிக்கும் நால்ட்ரெக்ஸோன், மதுவை நிறுத்திய பிறகு அந்த நிலையைக் காக்க உதவும் அகாம்ப்ரோசேட் போன்ற மருந்துகளும் இருக்கின்றன. இவை இருப்பதே பெரும்பாலானோருக்குத் தெரியாது என்பதுதான் என்னை மிகவும் வருத்துகிறது. கல்லீரல் கெடும் என்று அறிந்த அளவுக்கு, தொடக்க நிலைக் கொழுப்புக் கல்லீரல் குடியை நிறுத்திய சில வாரங்களிலேயே சீராகத் தொடங்கும் என்பதை மக்கள் அறிந்திருக்கவில்லை. தீங்கை மட்டும் சொல்லிவிட்டுத் தீர்வைச் சொல்லாத பிரசாரம் பாதி வேலையையே செய்திருக்கிறது.

வெட்கமும் சிகிச்சையைத் தள்ளிப்போடுகிறது. 'குடிகாரன்' என்று மேடையில் ஏளனம் செய்யப்படும் ஒருவர், அதே மேடையில் அறிவிக்கப்படும் ஆலோசனை மையத்துக்கு வருவார் என்று எப்படி எதிர்பார்க்க முடியும்? பெண்களின் நிலை இன்னும் கடினம். குடிப்பதை மறைப்பதற்கே அவர்கள் தங்கள் ஆற்றல் முழுவதையும் செலவிட வேண்டியிருக்கிறது. சில மாதங்கள் விட்டிருந்து மீண்டும் குடித்துவிட்டவர்களும் அப்படித்தான். "உங்கள் முகத்தில் எப்படி விழிப்பேன் என்று வராமலே இருந்துவிட்டேன்" என்பார்கள். மறுபடி சறுக்குவது இந்த நோயில் இயல்பு. உடனே திரும்பி வருவதே முக்கியம் என்பதை முதல் சந்திப்பிலேயே நோயாளியிடமும் உடன் வந்தவரிடமும் சொல்லிவிடுகிறேன்.

பிரசாரங்களின் பயன் குறித்த ஆய்வுகள் ஓரளவு தெளிவான முடிவைத் தருகின்றன: செய்தியைச் சொல்வது மட்டும் மக்களின் அறிவை உயர்த்துகிறது, நடத்தையைப் பெரிதாக மாற்றுவதில்லை. செயலோடு சேரும்போது விளைவு தெரிகிறது. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் 1982 டிசம்பரில், யாரை வேண்டுமானாலும் நிறுத்தி மூச்சுப் பரிசோதனை செய்யும் முறை விரிவான விளம்பரத்தோடு நடைமுறைக்கு வந்தபோது, சாலை உயிரிழப்புகள் கண்கூடாகக் குறைந்தன. ஸ்காட்லாந்தில் 2018 மே மாதம் மதுவுக்குக் குறைந்தபட்ச விலை நிர்ணயிக்கப்பட்டது. மதுவால் மட்டுமே நேரும் இறப்புகள், அச்சட்டம் இல்லாதிருந்தால் இருந்திருக்கக்கூடிய அளவைவிட 13.4 விழுக்காடு குறைந்ததாக 2023இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. கனடாவின் யூகான் பகுதியில் 2017இல் மதுப் புட்டிகளில் புற்றுநோய் எச்சரிக்கை ஒட்டிப் பார்க்கும் ஆய்வு தொடங்கியது. ஏறத்தாழ ஒரு மாதத்திலேயே மது நிறுவனங்களின் எதிர்ப்பால் அது நிறுத்தப்பட்டு, பிறகு புற்றுநோய் வாசகம் இல்லாமல்தான் தொடர முடிந்தது. அப்படியிருந்தும் எச்சரிக்கை ஒட்டப்பட்ட பொருள்களின் விற்பனை 6 விழுக்காட்டுக்கு மேல் குறைந்தது. அந்த வாசகத்துக்கு எழுந்த எதிர்ப்பே அதன் வலிமைக்குச் சான்று என்று நான் கருதுகிறேன்.

ஆகவே ஆய்வுக்கு யார் பணம் தருகிறார்கள் என்பதையும் கேட்டே ஆக வேண்டும். அளவான குடி இதயத்துக்கு நல்லது என்ற நம்பிக்கை எப்படி வளர்ந்தது என்று பாருங்கள். உடல்நலம் கெட்டுக் குடியை நிறுத்தியவர்களையும் வாழ்நாளில் தொடாதவர்களையும் ஒரே குழுவாகச் சேர்த்து, 'குடிக்காதவர்கள்' என்று பழைய ஆய்வுகள் பல கணக்கிட்டன. அதனால் அளவாகக் குடிப்பவர்கள் ஒப்பீட்டில் நலமானவர்களாகத் தெரிந்தார்கள். இந்தக் கேள்விக்கு விடை காண அமெரிக்காவில் தொடங்கப்பட்ட பெரும் ஆய்வு ஒன்று, மது நிறுவனங்களின் நிதியும் அவற்றோடு நடந்த தொடர்புகளும் வெளிப்பட்டதால் 2018இல் கைவிடப்பட்டது. உடல்நலத்துக்கு முற்றிலும் பாதுகாப்பான மது அளவு என்று எதுவும் இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் தெளிவாகக் கூறிவிட்டது. இருந்தும், 'பொறுப்போடு குடியுங்கள்' என்னும் வாசகத்தை மது நிறுவனங்களே அச்சிடும்போது, எத்தனை கிராம் என்று அதில் ஒருபோதும் இருப்பதில்லை.

பிரசாரம் நடத்த முன்வரும் தன்னார்வ அமைப்புகளும் கல்லூரிகளும் என்னிடம் ஆலோசனை கேட்கும்போது, எத்தனை பேர் ஊர்வலத்தில் வந்தார்கள் என்பதை எண்ணுவதோடு நின்றுவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். பிரசாரத்துக்கு முன்பும் பின்பும் சிகிச்சைக்கு வந்தவர்களின் எண்ணிக்கை, அவர்கள் நோயின் எந்தக் கட்டத்தில் வந்தார்கள், ஆறு மாதத்துக்குப் பிறகு எத்தனை பேர் தொடர்பில் இருக்கிறார்கள் என்பவற்றை அருகிலுள்ள மருத்துவமனையோடு சேர்ந்து பதிவு செய்யுங்கள். துண்டுப் பிரசுரத்தில் கல்லீரல் படத்துக்கு ஒதுக்கும் இடத்தில் பாதியையாவது மூன்று செய்திகளுக்கு ஒதுக்குங்கள்: தான் குடிக்கும் அளவைக் கிராமில் கணக்கிடும் முறை, தினமும் அதிகமாகக் குடிப்பவர் மருத்துவரைப் பார்க்காமல் திடீரென நிறுத்தக் கூடாது என்ற எச்சரிக்கை, பேசுவதற்கு ஓர் ஆள் இருக்கும் தொலைபேசி எண். அச்சுக்குக் கொடுக்கும் முன் அந்த எண்ணை மாலையிலும் விடுமுறை நாளிலும் நீங்களே அழைத்து, யாராவது எடுக்கிறார்களா என்று சரிபார்த்துக்கொள்ளுங்கள்.