போர்வெல்: துளையும் ஊற்றும்

மனை வாங்கப் போகிறவர் முதலில் கேட்பது, "போர் எத்தனை அடி?" வைக்கோல் போர், யுத்தம், சலிப்பு என்று ஏற்கெனவே பல பொருள் சுமக்கும் ஒலிதான். இங்கே அது போர்வெல் என்பதன் முன்பாதி.

பழைய ஆங்கிலத்தில் போரியன் என்றால் துளையிடுவது. லத்தீனின் ஃபொராரே அதற்கு உறவு. பின்பாதியான வெல் இன்னும் அழகு. கொதித்தல், பொங்குதல் என்ற வினையிலிருந்து வந்தது அது. தரையிலிருந்து தானே பொங்கிவரும் ஊற்றுக்கும் அதுதான் பெயர். கண்ணீர் பொங்குவதைச் சொல்லவும் ஆங்கிலத்தில் இதே வெல் உதவுகிறது. இப்படிச் சேர்த்துப் போர்வெல் என்பது பெரும்பாலும் இந்திய ஆங்கிலம். இங்கிலாந்தில் போர்ஹோல், ஆஸ்திரேலியாவில் வெறும் போர்.

சரி, தமிழில்? செய்தித்தாள்களிலும் அரசு அறிவிப்புகளிலும் ஆழ்துளைக் கிணறு. குழாய்க் கிணறு என்றும் எழுதுகிறார்கள், ஆனால் அது ட்யூப்வெல்லுக்குத்தான் பொருந்தும். வண்டலும் மணலும் உள்ள காவிரிப் படுகையில் துளை சரியாமல் இருக்க அடிவரை குழாய் இறக்க வேண்டும். கோவை, சேலம் பக்கம் அடியில் பாறை. மேல்மண் முடியும்வரை கேசிங் எனும் காப்புக் குழாயை இறக்கினால் போதும், கீழே பாறையே சுவர். அங்கே 1000 அடி தாண்டியும் துளைக்கிறார்கள், ஆறரை அங்குல அகலத்தில். குழாய்க் கிணறு என்ற பெயர் அங்கே ஒட்டாது.

துளைப்பதற்குத் தமிழில் துர என்றொரு பழைய வினையும் உண்டு. துளையிடும் கருவிக்குத் துரப்பணம் என்ற பெயர் அதில் பிறந்ததுதான். தேங்காய் துருவுகிறோமே, அந்தத் துருவலும் இந்தக் குடும்பம்தான். 'தோட்டம் துரவு' என்பதில் வரும் துரவை இதற்கு எடுத்துக்கொள்ளலாமே என்று ஆசை வரும். எனக்குச் சம்மதமில்லை. துரவு என்பது பாசனத்துக்கான பெரிய கிணறு. எட்டிப் பார்த்தால் தண்ணீர் தெரியும். ஒரு சாண்கூட இல்லாத துளைக்கு அந்தப் பெயரைக் கொடுத்தால் இரண்டு பொருளும் குழம்பும்.

ஆகவே நான் ஆழ்துளைக் கிணறு என்றே எழுதுகிறேன். 60 அடியிலேயே தண்ணீர் கிடைக்கும் ஊரில் மட்டும் 'ஆழ்' வேண்டாம், துளைக்கிணறு போதும்.