பெரிய கொடுவாவை ஏன் விட்டுவிட வேண்டும்?

ஆஸ்திரேலியாவின் கெய்ர்ன்ஸ் நகரில் வேலை பார்க்கும் வாசகர் ஒருவர் போன அக்டோபரில் ஒரு கேள்வி அனுப்பியிருந்தார். முகத்துவாரத்தில் தூண்டில் போட்டவருக்கு ஒரு கொடுவா மாட்டியிருக்கிறது. அரை மணி நேரம் இழுத்துக் கரை சேர்த்து அளந்தால் 122 சென்டிமீட்டர். கூட இருந்த உள்ளூர் நண்பர், படம் எடுத்த கையோடு தண்ணீரில் விடச் சொல்லிவிட்டார். "58 சென்டிமீட்டருக்குக் கீழே இருந்தால் விடு என்கிறார்கள். சரி, குஞ்சு பிழைக்கட்டும். 120-க்கு மேல் போனாலும் விடு என்றால் எப்படி? வாழ்ந்து முடித்த மீனை விட்டு என்ன லாபம்?" என்று கேட்கிறார்.

அந்த மீன் வாழ்ந்து முடிக்கவில்லை. சில வருடங்களுக்கு முன்னால்தான் அது பெண்ணாகியிருக்கிறது. அதற்கு முன் ஆணாக இருந்த மீன் அது.

அங்கே பாரமுண்டி என்பதும் நம்மூர் கொடுவாவும் ஒன்றுதான். அறிவியல் பெயர் லேட்ஸ் கால்காரிஃபர். காசிமேட்டில் ஒரு முறை மூன்று கிலோ கொடுவா வாங்கியபோது, சினை இருக்குமா என்று மீன் வெட்டும் அக்காவிடம் கேட்டேன். "சின்ன கொடுவால சினை எங்க தம்பி இருக்கும்? ஏழெட்டு கிலோ தாண்டணும்" என்றார். வயிற்றைக் கீறிக் காட்டினார். முதுகெலும்பை ஒட்டி இரண்டு வெளுத்த பட்டைகள். ஆண் மீனின் விந்துச் சுரப்பி. பாப்புவா நியூ கினியில் ஆர். மூர் என்ற ஆய்வாளர் இதே காரியத்தைப் பெரிய அளவில் செய்தார். பிடிபட்ட மீன்களின் வயிற்றைத் திறந்து, சுரப்பியை மெல்லிய சீவலாக்கி நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்து, கொடுவா இயற்கையிலேயே ஆணிலிருந்து பெண்ணாக மாறுகிறது என்று 1979-இல் எழுதினார். அக்காவின் கத்தி சொன்னதும் அவருடைய நுண்ணோக்கி சொன்னதும் ஒன்றே.

கொடுவா பெரும்பாலும் ஆணாகத்தான் பருவமடைகிறது, மூன்று நான்கு வயதில். அப்புறம் சில பருவங்கள் ஆணாகவே முகத்துவாரத்துக்கு வந்து இனப்பெருக்கத்தில் பங்கு கொள்கிறது. ஆறேழு வயதில், கிட்டத்தட்ட 80 முதல் 100 சென்டிமீட்டர் நீளத்தில், மாற்றம் வருகிறது. என்னை எப்போதும் அசர வைக்கும் இடம் இதுதான். புதிதாக ஓர் உறுப்பு முளைப்பதில்லை. அந்தப் பருவத்தின் விந்தை வெளியேற்றி முடித்ததும் விந்துத் திசு சுருங்கிக் கரைய ஆரம்பிக்கிறது. அதே சுரப்பிக்குள், அதே இடத்தில், முட்டை செல்கள் பெருகுகின்றன. உடலில் ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் இருக்கிறது. அரோமடேஸ் என்ற நொதி அதன் மூலக்கூறைக் கொஞ்சம் திருத்தி ஈஸ்ட்ரோஜனாக்கிவிடும். இந்த நொதியின் வேலை கூடக்கூட, ஆண் ஹார்மோனே பெண் ஹார்மோனுக்கு மூலப்பொருளாகிவிடுகிறது. சில வாரங்களில் விந்துப்பை சினைப்பை ஆகிவிடும். அடுத்த பருவத்துக்கு அதே மீன் முட்டையோடு வரும்.

ஏன் இந்தப் பாடு? விந்தணு மிகச் சிறியது, சின்ன உடம்பே கோடிக்கணக்கில் தயாரித்துவிடும். முட்டைக்கு வயிற்றில் இடம் வேண்டும். பள்ளியில் படித்த கன அளவுக் கணக்கை நினைத்துப் பாருங்கள். 60 சென்டிமீட்டர் மீன் அதே வடிவத்தில் 120 ஆனால் நீளம்தான் இரண்டு மடங்கு, வயிற்றின் கொள்ளளவு எட்டு மடங்கு. 120 சென்டிமீட்டர் கொடுவா ஒரு பருவத்தில் மூன்று, நான்கு கோடி முட்டைகள் இடும். சிறிதாக இருக்கும்போது ஆணாகவும் பெரிதானதும் பெண்ணாகவும் இருப்பது அந்த மீனுக்கு ஆதாயம். களவா மீனில் இது தலைகீழ், முதலில் பெண், பிறகு ஆண். அங்கே பெரிய ஆண்தான் பெண்களை மற்ற ஆண்களிடமிருந்து காத்து வைத்துக்கொள்ளும்.

இப்போது கெய்ர்ன்ஸ் இருக்கும் குயின்ஸ்லாந்து மாநிலத்தின் விதியைப் பாருங்கள். 58-க்குக் கீழே விட்டால், ஆண் ஒரு முறையாவது இனப்பெருக்கம் செய்யலாம். 120-க்கு மேலே விட்டால், அதிக முட்டையிடும் தாய்கள் தப்பும். நடுவில் இருப்பவைதான் பிடிபடும். ஆனால் எந்தத் தாயும் இந்த நடுப்பகுதியைக் கடந்துதான் வர வேண்டும். எல்லாரும் நடுத்தர மீனையே அள்ளினால், சில வருடம் கழித்துப் பெண்ணாவதற்கு ஆள் இருக்காது. அதனால்தான் ஒருவர் வைத்துக்கொள்ளும் எண்ணிக்கைக்கு ஐந்து என்ற வரம்பும், கிழக்குக் கரையில் நவம்பர் 1 நண்பகலிலிருந்து பிப்ரவரி 1 நண்பகல் வரை பிடிக்கவே தடையும் இருக்கின்றன.

தடை அந்த மாதங்களில் வருவதற்குக் காரணம், கொடுவாவின் முட்டைக்கு உப்புத் தண்ணீர் வேண்டும் என்பது. நன்னீரில் அது மிதக்காது. ஆற்றில் வளர்ந்த மீன் அந்த மாதங்களில் முகத்துவாரத்துக்கு இறங்கி வந்து, அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய இரவுகளில் முட்டையிடுகிறது. அந்த நாட்களில்தான் கடல் ஓதம் உயரமாக ஏறும். ஏறும் தண்ணீர் முட்டைகளை அலையாத்திக் காடுகளுக்குள் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. ஒரு நாளுக்குள் பொரித்துவிடும். அடுத்து வரும் மழைவெள்ளம் சதுப்புகளை ஆற்றோடு இணைக்க, குஞ்சுகள் உள்ளே போய் வளர்கின்றன. நிலவைப் பார்த்து மீன் பிடிப்பதை மூடநம்பிக்கை என்று ஒதுக்குகிறவர்களிடம் எனக்குச் சண்டை உண்டு. கரையில் வாழ்கிறவர்கள் தலைமுறை தலைமுறையாகப் பார்த்து வைத்த ஓதக் கணக்கு அது.

தமிழ்நாட்டின் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடை, காலத்தைக் கொண்டு விசைப்படகுகளுக்குப் போட்ட வேலி. மீனின் நீளத்தைக் கொண்டு விதி போட வேண்டுமென்றால், ஒவ்வொரு கரையிலும் எந்த நீளத்தில் அது பெண்ணாகிறது என்று அளந்தாக வேண்டும். ஆஸ்திரேலியாவின் கார்பென்டேரியா வளைகுடாவின் வடகிழக்கில், மற்ற இடங்களைவிடச் சிறிய உடலிலேயே மாறிவிடும் கொடுவாக்கள் உண்டு. ஒரு கடலின் அளவு இன்னொரு கடலுக்குப் பொருந்தாது. இப்படி வருடக்கணக்காக மீனை அளந்து குறித்து வைக்கும் வேலைக்குப் பணம் ஒதுக்கத் தயங்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. சென்னையின் உவர்நீர் மீன்வளர்ப்பு ஆய்வு நிறுவனம் 1997-இல் முட்டுக்காட்டில் கொடுவாவைத் தொட்டியில் குஞ்சு பொரிக்க வைத்ததும் இப்படிப்பட்ட பொறுமையால்தான்.

கேள்வி கேட்டவருக்கு ஒரு வார்த்தை. அடுத்த முறை விடும்போது கையை நனைத்துக்கொண்டு தொடுங்கள், உலர்ந்த கை மீனின் வழவழப்பை உரித்துவிடும். தாடையில் தொங்கவிடாமல், ஒரு கையை வயிற்றுக்கு அடியில் கொடுங்கள், அந்த எடையைத் தாடை தனியாகத் தாங்காது. செவுள் மூடியின் ஓரம் கத்தி மாதிரி, விரலை அங்கே வைக்காதீர்கள். நீங்கள் விட்டது அக்டோபர். அது பிழைத்திருந்தால், தடை தொடங்கிய பிறகு ஏதோ ஓர் அமாவாசை இரவில், ஏறும் தண்ணீரில், அதே முகத்துவாரத்தில் முட்டையிட்டிருக்கும்.