வென்டிலேட்டர்: காலதரா, மூச்சூட்டியா?

வீடு கட்டும் கொத்தனாரிடம் வென்டிலேட்டர் என்று சொல்லிப் பாருங்கள். "பாத்ரூமுக்கு ஒண்ணரைக்கு ரெண்டு போதுமா சார், இல்ல எக்ஸாஸ்ட் ஃபேனுக்கு ஓட்டை விடணுமா?" என்று கேட்பார். அவருக்கு அது கூரையை ஒட்டி, கைக்கு எட்டாத உயரத்தில் வைக்கிற சின்னத் திறப்பு. அதில் குருவி கூடு கட்டும், தூசு அடையும், ஐப்பசி மழையில் சாரல் அடிக்கும். அதே சொல்லை ஆஸ்பத்திரி வராந்தாவில் சொன்னால் எதிரே நிற்பவர் முகம் செத்துவிடும். "வென்டிலேட்டர்ல வெச்சிருக்காங்களாம்" என்று ஒரு போன் போனால் போதும், ஊரிலிருந்து சொந்தக்காரர்கள் பை கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள்.

ஒரே சொல்லுக்கு இப்படி இரண்டு முகம் எப்படி வந்தது?

வேர் லத்தீனில் இருக்கிறது. வென்டுஸ் என்றால் காற்று. அதிலிருந்து பிறந்த வென்டிலாரே என்ற வினைக்கு விசிறுதல், அசைத்தல் என்று பொருள். இன்னொரு பொருளும் உண்டு: களத்தில் தானியத்தைத் தூற்றுதல். முறத்தை உயர்த்திச் சரித்தால் மணி நேரே விழும், பதர் பறந்துபோகும். "காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்" என்று நாம் சொல்கிறோமே, அந்தத் தூற்றல்தான். வேடிக்கை என்னவென்றால், தமிழில் தூற்றுதல் ஊரறியப் பழி பேசுவதற்கும் ஆகிவந்தது. ஆங்கிலத்திலும் இந்த வினை மனத்தில் இருப்பதை வெளியே கொட்டுவதற்கு ஆகிவந்தது. களத்து வேலை இரண்டு மொழியிலும் வாய்க்கு வந்து சேர்ந்திருக்கிறது.

வினை கருவியின் பெயரானதில் பெரிய பங்கு ஸ்டீபன் ஹேல்ஸ் என்ற ஆங்கிலப் பாதிரியாருக்கு உண்டு. குதிரையின் தமனியில் குழாய் செருகி இரத்த அழுத்தத்தை முதன்முதலில் அளந்தவர் இவர்தான். 1740களில் பெரிய துருத்திகளைச் செய்து, கப்பலின் அடித்தளத்திலும் சிறைச்சாலையிலும் தேங்கிய கெட்ட காற்றை வெளியேற்றினார். அவற்றுக்கு அவர் வைத்த பெயர் வென்டிலேட்டர். அந்தக் கருவி மூச்சுவிட வைத்தது அறையை, ஆளை அல்ல. நம் கொத்தனார் சொல்வது இந்தப் பழைய பொருளைத்தான்.

இந்தப் பொருளுக்குத் தமிழில் சொல் தேடி அலைய வேண்டியதில்லை. காலதர் என்று ஒன்று இருக்கிறது. கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. சிலப்பதிகாரம் புகார் நகரத்து மாளிகைகளை "மான்கண் காலதர்" உடையவை என்கிறது: மானின் கண் போன்ற வடிவில் காற்றுக்கு வழி. ஆங்கிலத்தில் ஜன்னலைக் குறிக்கும் சொல்லும் பழைய நார்ஸ் மொழியில் "காற்றின் கண்" என்ற பொருளில் பிறந்ததுதான். சாளரத்துக்கும் ஜன்னலுக்கும் நடுவில் காலதர் வழக்கொழிந்துவிட்டது. கூரையோரத் திறப்புக்கு அதைத் திரும்பக் கொண்டுவந்தால் என்ன என்று எனக்கு ஓர் ஆசை. கொத்தனார் சிரிப்பார்.

சரி, ஆளை மூச்சுவிட வைக்கும் கருவிக்கு வருவோம். 1928இல் பாஸ்டனில் பிலிப் டிரிங்கரும் லூயி ஷாவும் "இரும்பு நுரையீரல்" செய்தார்கள். போலியோவால் மூச்சுத் தசைகள் செயலிழந்த குழந்தையை, தலை மட்டும் வெளியே தெரிய ஓர் இரும்பு உருளைக்குள் படுக்க வைப்பார்கள். உருளைக்குள் அழுத்தம் குறையும்போது மார்பு விரிந்து காற்று தானாக உள்ளே போகும். மார்புக்கும் வயிற்றுக்கும் நடுவிலுள்ள தசையான நம் உதரவிதானம் செய்யும் வேலையை உருளை வெளியிலிருந்து செய்தது.

1952இல் கோபன்ஹேகனில் போலியோ பரவியபோது பிளெக்டாம் மருத்துவமனையில் இருந்தது ஒரே ஓர் இரும்பு நுரையீரலும், மார்பில் மாட்டும் ஆறு சிறிய கருவிகளும்தான். அவற்றில் வைத்த முதல் 31 பேரில் 27 பேர் இறந்துவிட்டார்கள். மயக்கவியல் மருத்துவர் பியோர்ன் இப்சன் வேறு வழி சொன்னார். தொண்டையில் துளையிட்டுக் குழாயைச் செருகி, ரப்பர் பையைக் கையால் அமுக்கிக் காற்றை நேரே நுரையீரலுக்குள் தள்ளுவது. ஆகஸ்ட் 27ஆம் தேதி 12 வயதுச் சிறுமி ஒருத்திக்குச் செய்து காட்டினார், அவள் பிழைத்தாள். ஆனால் பையை அமுக்க இயந்திரம் ஏது? மருத்துவ மாணவர்களைக் கூப்பிட்டார்கள். ஏறக்குறைய 1,500 மாணவர்கள் முறை வைத்து, கட்டிலோரம் உட்கார்ந்து, இரவும் பகலும் அமுக்கினார்கள். உச்சத்தில் ஒரே நேரத்தில் 70 நோயாளிகள் மாணவர்களின் கையால் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்கள். சாவு விகிதம் பாதிக்கும் கீழே இறங்கியது. இன்றைய ஐசியூ அந்த வார்டிலிருந்து கிளைத்ததுதான். ஆக, நாம் இன்று அறிந்த வென்டிலேட்டர் முதலில் மனிதக் கையாகத்தான் இருந்தது.

இங்கே ஒரு நுட்பம். இரும்பு நுரையீரல் மூச்சை இழுக்க வைத்தது. இப்சனின் முறை மூச்சை ஊட்டியது. இன்றைய இயந்திரங்களும் ஊட்டுபவையே. எனவே என் ஓட்டு மூச்சூட்டிக்குத்தான். பாலூட்டி மாதிரி, ஆளுக்கும் பொருந்தும், பொருளுக்கும் பொருந்தும். பை அமுக்கிய அந்த மாணவனும் மூச்சூட்டிதான்.

செய்தித்தாள்கள் எழுதுவது "செயற்கை சுவாசக் கருவி". தப்பில்லை, ஆனால் நீளம். செயற்கையைச் சுருக்கிச் சுவாசக் கருவி என்றால், மூக்கில் மாட்டும் ஆக்சிஜன் முகமூடியா, தொண்டைக்குள் டியூப் போட்ட நிலையா என்று தெரியாமல் போகிறது. கொரோனா காலத்தில் இந்தக் குழப்பம் சாதாரணமல்ல. ஆக்சிஜனில் இருப்பவர் டீ குடிப்பார், போனில் பேசுவார். டியூப் போட்டவருக்குப் பேச்சே வராது, பெரும்பாலும் மயக்க மருந்திலேயே இருப்பார். "உயிர்காக்கும் கருவி" என்பது இன்னும் மோசம். கருவி வைரஸைக் கொல்வதில்லை, நுரையீரலைக் குணப்படுத்துவதில்லை. உடம்பு தேறும்வரை அவகாசம் வாங்கித் தருகிறது, அவ்வளவுதான்.

சொல்லில் சாவு வாடை ஏறியது எப்படி? நமக்கு அது பழக்கமானதே பிரபலங்களின் மருத்துவ அறிக்கைகள் வழியாகத்தான். 2020 ஆகஸ்ட் 5ஆம் தேதி கொரோனாவுடன் சேர்க்கப்பட்ட எஸ்.பி. பாலசுப்ரமணியம் செப்டம்பர் 25ஆம் தேதி மறைந்தார். இடைப்பட்ட வாரங்களில் வென்டிலேட்டர், எக்மோ என்ற இரண்டு சொற்களும் டீக்கடை வரை வந்துவிட்டன. எக்மோ வேறு கருவி. இரத்தத்தையே வெளியே எடுத்து ஆக்சிஜன் ஏற்றித் திருப்பி அனுப்புவது.

அதற்கு முன்பே, அந்த ஏப்ரலில், நியூயார்க் பகுதியின் 12 மருத்துவமனைகளிலிருந்து ஒரு கணக்கு வந்தது. 5,700 நோயாளிகள், மூச்சூட்டியில் வைக்கப்பட்டவர்கள் 1,151. "இதில் வைத்தால் 88 சதவீதம் சாவு" என்று உலகம் முழுக்கச் செய்தி ஓடியது. உண்மையில் அன்றுவரை இறந்தவர்கள் 282 பேர், வீடு திரும்பியவர்கள் 38 பேர். இந்த 320 பேரை மட்டும் வைத்துப் போட்ட விகிதம்தான் 88. மீதி 831 பேர் இன்னும் கட்டிலில்தான் இருந்தார்கள். பரீட்சை எழுதிக்கொண்டிருப்பவர்களை விட்டுவிட்டுத் தேர்ச்சி விகிதம் போட்ட கதை. பத்திரிகைகள் பிறகு திருத்தின. மக்கள் மனத்தில் பதிந்ததை யார் திருத்துவது?

நோயாளி பிழைப்பது, கருவியை எப்படி ஓட்டுகிறார்கள் என்பதிலும் இருக்கிறது. ஒரு காலத்தில் உடல் எடை கிலோவுக்கு 12 மில்லி வரை காற்றை ஒவ்வொரு மூச்சுக்கும் தள்ளினார்கள். நோயுற்ற நுரையீரலில் காற்று போக இடம் கொஞ்சம்தான். அங்கே நிறைய ஊட்டினால் நல்ல பகுதியும் கிழியும். அமெரிக்காவில் 861 பேரிடம் செய்து 2000இல் வெளியான ஆய்வில், 6 மில்லியாகக் குறைத்ததுமே சாவு விகிதம் 39.8 சதவீதத்திலிருந்து 31 சதவீதமாக இறங்கியது. எடையும் தராசு காட்டும் எடையல்ல, உயரத்தை வைத்துக் கணக்கிடுவது; ஆள் பருத்தாலும் நுரையீரல் பருப்பதில்லை. கணக்கில் 60 கிலோ வரும் ஆளுக்கு ஒரு மூச்சு 360 மில்லி, அதாவது மூன்றரை டீ கிளாஸ் காற்று. ஊட்டுவதில் அளவு முக்கியம் என்று எந்தத் தாய்க்கும் தெரியும்.

அப்புறம், குப்புறப் போடுவது. டியூப், ஒயர், ஊசி எல்லாவற்றோடும் ஒருவரைத் திருப்ப நாலைந்து பேர் வேண்டும். தலைமாட்டில் நிற்பவர் டியூபைப் பிடித்துக்கொண்டு "ஒண்ணு, ரெண்டு, மூணு" சொல்வார். 2013இல் வந்த பிரெஞ்சு ஆய்வில், குறைந்தது 16 மணிநேரம் குப்புறப் படுக்க வைத்தவர்களில் 28 நாளுக்குள் இறந்தவர்கள் 16 சதவீதம், மற்றவர்களில் 32.8. அடுத்து டெக்சாமெத்தசோன், சில ரூபாய்க்குக் கிடைக்கும் பழைய மருந்து. 2020இல் பிரிட்டனின் ரெகவரி ஆய்வு, மூச்சூட்டியில் இருப்பவர்களின் சாவை இது 41.4 சதவீதத்திலிருந்து 29.3 ஆகக் குறைத்ததாகக் காட்டியது. ஆக்சிஜனே தேவைப்படாதவர்களுக்குப் பலனில்லை என்பதையும் அதே ஆய்வு சொன்னது. அதைக் கேட்காமல் லேசான காய்ச்சலுக்கே மாத்திரை வாங்கி விழுங்கியவர்கள் நம் தெருவிலேயே உண்டு.

பட்டியல் போட்டால் இப்படி: காற்று புழங்குவது காற்றோட்டம், புழங்கும் திறப்பு காலதர், ஆளுக்கு மூச்சுத் தரும் கருவி மூச்சூட்டி. ஆங்கிலம் ஒரே வேரில் நிறுத்தியதைத் தமிழ் மூன்றாகப் பிரித்துக்கொள்ளலாம்.

ஊட்டி என்று நான் பிடிவாதம் பிடிக்க இன்னொரு காரணமும் உண்டு. கருவியிலிருந்து நோயாளியை விடுவிப்பதை டாக்டர்கள் வீனிங் என்பார்கள். குழந்தையைப் பால்குடி மறக்கவைப்பதற்கும் ஆங்கிலத்தில் அதே சொல். நம் வீடுகளில் வேப்பிலை அரைத்துத் தடவுவார்கள். ஐசியூவில் கருவியின் துணையைப் படிப்படியாகக் குறைத்து, அரைமணியிலிருந்து இரண்டு மணிநேரம்வரை தானாக மூச்சுவிடச் சொல்லிப் பார்ப்பார்கள். மூச்சிரைக்கிறதா, வியர்க்கிறதா, இருமத் தெம்பு இருக்கிறதா என்று நர்ஸ் பக்கத்திலேயே நிற்பார். தாங்கினால் டியூபை உருவிவிடுவார்கள். பல நாள் குழாய் இருந்த தொண்டையில் குரல் கரகரத்துத்தான் வரும். பெரும்பாலும் கேட்பது தண்ணீர். உடனே கொடுக்க மாட்டார்கள், புரையேறும். பஞ்சை நனைத்து உதட்டில் தடவுவார்கள்.