கல்லீரல் நலிந்தவருக்கு மயக்க மருந்து

சிரையில் புரோபோஃபால் என்ற மயக்க மருந்து ஏறிய ஒரு நிமிடத்துக்குள் நோயாளியின் கண்கள் செருகிவிடுகின்றன. கல்லீரல் சுருங்கிப்போன சிர்ரோசிஸ் நோயாளிக்கும் இது பெரும்பாலும் அப்படியே நடக்கும். உள்ளே போன மருந்துகள் எப்படி வெளியேறும், மிஞ்சியிருக்கும் கல்லீரலுக்கு ரத்தம் தட்டாமல் போய்ச் சேருமா என்பவையே கடினமான கேள்விகள்.

உறக்கம் தரும் மிடசோலம், வலி போக்கும் மார்ஃபின் போன்றவற்றைச் சிதைப்பது கல்லீரல்தான் என்பதால், அது தளரும்போது ஒரு வேளை மருந்தே வழக்கத்தைவிட வெகுநேரம் உடலில் தங்கிவிடுகிறது. போதாக்குறைக்கு, கல்லீரல் உற்பத்தி செய்யும் அல்புமின் குறைந்துவிடுவதால், அந்தப் புரதத்தோடு ஒட்டிக் கிடக்க வேண்டிய மருந்தின் கூடுதல் பங்கு கட்டின்றி மூளையை எட்டுகிறது. ஆகவே அளவைக் குறைத்து, விளைவைப் பார்த்துப் பார்த்துத்தான் கொடுக்க வேண்டும்.

தசைகளைத் தளர்த்தும் மருந்துகளில் இதற்கு அழகான ஒரு மாற்றுவழி உண்டு. ரோகுரோனியம் பெரிதும் கல்லீரலை நம்பியிருக்கிறது. சிசாட்ரகுரியமோ எந்த உறுப்பையும் எதிர்பார்ப்பதில்லை. 37 டிகிரி செல்சியஸ் உடல் வெப்பமும் ரத்தத்தின் இயல்பான காரத்தன்மையுமே அதன் மூலக்கூறை உடைத்துவிடுகின்றன. வேதியியலில் இது ஹாஃப்மன் சிதைவு எனப்படும். உடல் குளிர்ந்தால் இந்தச் சிதைவும் மந்தமாகும் என்பதால், நோயாளிமேல் விரிக்கும் வெப்பக்காற்றுப் போர்வையை வெறும் வசதிக்கானது என்று எண்ணிவிடக் கூடாது.

இதயம் வெளியேற்றும் ரத்தத்தில் ஏறத்தாழ கால் பங்கு கல்லீரலுக்குப் போகிறது. அதில் முக்கால்வாசி குடலிலிருந்து போர்ட்டல் சிரை வழியாக வந்தாலும், ஆக்சிஜனில் ஏறக்குறைய பாதியைத் தருவது கல்லீரல் தமனியே. சிரையின் ஓட்டம் குறைந்தால், அங்கே தேங்கும் அடினோசின் என்ற வேதிப்பொருள் தமனியை விரித்து ஈடுகட்டும். சிர்ரோசிஸில் இந்தத் தாங்குதிறன் முன்பே பெருமளவு செலவாகியிருக்கும்; ரத்த அழுத்தம் சற்று நேரம் சரிந்தாலும் கல்லீரல் தடுமாறும். அதனால்தான் தமனியில் நேரடியாக அழுத்தத்தைக் கண்காணித்து, தேவைப்பட்டால் அதை உயர்த்தும் நார்அட்ரினலின் கொடுக்கிறார்கள். சுவாசிக்கத் தரும் மயக்க வாயுக்களும் முன்பு கல்லீரலுக்குச் சுமையாக இருந்தன. 1956-இல் பயன்பாட்டுக்கு வந்த ஹாலோத்தேனில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு கல்லீரலில் சிதைந்தது. அரிதாகக் கடும் கல்லீரல் அழற்சியையும் உண்டாக்கியது. பின்னால் வந்த டெஸ்ஃப்ளுரேனில் சிதைவது சுமார் 0.02 சதவீதம் மட்டுமே.

அறுவை செய்யலாமா என்ற முடிவு இவை அனைத்துக்கும் முந்தையது. பிலிரூபின் என்ற பித்த நிறமி, அல்புமின், ரத்தம் உறையும் நேரம், வயிற்று நீர், மனக்குழப்பம் ஆகிய ஐந்தையும் மதிப்பிடும் சைல்டு-பியூ என்ற கல்லீரல் பாதிப்பு அளவுகோலில் மிகக் கடுமையான 'சி' பிரிவில் வருபவருக்கு, தள்ளிப்போடக்கூடிய அறுவையைத் தள்ளிப்போடுவதே நல்லது. கடும் கல்லீரல் அழற்சி நடக்கும்போதும் அப்படியே.

வயிற்றில் நீர் கோத்தவருக்கு உதரவிதானம் மேலே தள்ளப்பட்டு நுரையீரலின் இருப்புக் காற்று குறைந்திருக்கும். இரைப்பையில் உள்ளது மேலேறி மூச்சுக்குழலில் இறங்கும் அபாயமும் உண்டு. எனவே முதலில் ஆக்சிஜனை நன்கு நிரப்பிவிட்டு, மயக்கிய கையோடு மூச்சுக்குழலுக்குள் சுவாசக் குழாயைச் செலுத்துகிறார்கள்.

அறுவை முடிந்தும் நோயாளி விழிக்கத் தாமதித்தால், மருந்து இன்னும் இறங்கவில்லை என்று சும்மா காத்திருப்பது ஆபத்து. குளுக்கோஸைச் சேமித்துத் தருவதும் கல்லீரலே ஆகையால், முதலில் விரல்நுனியில் ஒரு துளி ரத்தம் எடுத்துச் சர்க்கரை அளவைப் பார்க்கிறார்கள். அது சரியாக இருந்தால், கல்லீரல் பழுதால் வரும் மூளைப் பாதிப்பைத் தேடுகிறார்கள்.