ஓடும் தண்ணீரில் முட்டையிடுவது எப்படி? மேற்குத் தொடர்ச்சி மலைத் தவளைகளின் வழிகள்

குளத்தில் முட்டை, அதிலிருந்து தலைப்பிரட்டை, பிறகு கால் முளைத்துக் கரையேறும் தவளை என்று பள்ளியில் படித்திருப்போம். மேற்குத் தொடர்ச்சி மலையில் அந்தப் பாடம் பல தவளைகளுக்குப் பொருந்தாது. மழை கொட்டினாலும் செங்குத்துச் சரிவில் தண்ணீர் தேங்குவது அரிது. ஓடும் தண்ணீரில் விட்ட முட்டையை வெள்ளம் அடித்துக்கொண்டு போய்விடும். ஆகவே எங்கே முட்டையிடுவது என்பதுதான் இங்குள்ள தவளைகளின் பெரும்பாடு. ஒவ்வோர் இனமும் எங்கே வாழும் என்பதையும் பெரும்பாலும் அதுவே முடிவு செய்கிறது.

புதர்த்தவளைகள் தண்ணீரையே விட்டு விலகிவிட்டன. இவற்றுக்குத் தலைப்பிரட்டைப் பருவம் கிடையாது. முட்டைக்குள்ளேயே வளர்ச்சி முடிந்து, குட்டித் தவளையாகவே வெளிவரும். முட்டை காயாமலிருக்க ஈரக் காற்று மட்டும் போதும். களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்தில் வாழும் ஒரு புதர்த்தவளை அந்த ஈரத்தை மூங்கிலுக்குள் கண்டுகொண்டது. கணுவுக்கு மேலுள்ள மெல்லிய கீறல் வழியாக உடலை நெளித்து உள்ளே நுழைகிறது. பெண் முட்டையிட்டுப் போய்விடும், காவலிருப்பது ஆண். யாரிடமிருந்து காவல்? முட்டைகளுக்கு முதல் எதிரி அதே இனத்தின் வேறு தவளைகள்தான்! அப்பா இல்லாத மூங்கிலில் முட்டைகளைத் தின்றுவிட்டுப் போய்விடுகின்றன.

ஊதாத் தவளையின் வழி நேரெதிரானது. ஆண்டின் பெரும்பகுதி மண்ணுக்குள் கரையான் தின்று கிடக்கும் இது, மழை தொடங்கியதும் சில நாள் மட்டும் மேலே வந்து ஓடைப் பாறை இடுக்குகளில் முட்டையிடுகிறது. தலைப்பிரட்டையின் வாய் உறிஞ்சிபோல் அமைந்திருப்பதால், அருவி நீர் பாயும் பாறையிலும் பற்றிக்கொண்டு, அங்குள்ள பாசியைச் சுரண்டித் தின்று மூன்று மாதத்துக்கும் மேல் தாக்குப்பிடிக்கிறது. 2003இல்தான் இந்த இனத்தை அறிவியல் முறைப்படி விவரித்தார்கள். ஊதாத் தவளைக் குடும்பத்துக்கு நெருங்கிய உறவுக் குடும்பம் இந்தியாவில் இல்லை; கடல் கடந்து செஷல்ஸ் தீவுகளில் இருக்கிறது. இரு நிலங்களும் ஒட்டியிருந்த காலத்தின் உயிருள்ள சான்று இது என்பதை நினைத்தால் இன்றும் எனக்குச் சிலிர்க்கிறது. 2017இல் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பகுதியின் கிழக்குச் சரிவிலிருந்து இன்னோர் ஊதாத் தவளை இனமும் விவரிக்கப்பட்டது.

ஓடை இரைச்சலில் குரல் எடுபடுவது கடினம். அதனால் நடனத் தவளைகளில் ஆண் பின்னங்காலை நீட்டி, விரலிடைச் சவ்வை விரித்துக் காட்டி அழைக்கிறது. 2014இல் மட்டும் இவற்றில் 14 புதிய இனங்கள் விவரிக்கப்பட்டன.

மெல்லிய தோல் வழியாகவும் மூச்சுவிடும் இச்சிற்றுயிர்களால் வெயில் காயும் தாழ்நிலத்தைக் கடந்து அடுத்த மலைக்குப் போக முடிவதில்லை. பாலக்காட்டுக் கணவாயின் வடக்கிலும் தெற்கிலும் வெவ்வேறு இனங்கள் இருப்பதற்கு இது முக்கியக் காரணம். ஆனைமுடியையும் அதைச் சுற்றியுள்ள உயரமான புல்வெளிகளையும் தவிர வேறெங்கும் அறியப்படாத செம்மஞ்சள் புதர்த்தவளை ஒன்றும் உண்டு.

இவ்வளவு குறுகிய இடத்தில் வாழும் இனத்துக்குச் சிறு மாற்றமும் பேரிழப்பு. மூங்கிலை வெட்டினால் உள்ளிருக்கும் முட்டைகளும் போகும். ஓடையின் குறுக்கே தடுப்பணை எழுப்பினால், பாய்ச்சலை நம்பிப் பாறையில் ஒட்டியிருக்கும் ஊதாத் தலைப்பிரட்டைகள் வளரும் இடமே இல்லாமல் போய்விடும்.